வலையில் போர்க்காலக் குண்டு ஏறினால்: மீனவர் செய்யவேண்டியதும் செய்யக்கூடாததும்

உலகப்போர்க் காலத்துக் குண்டு எண்பது ஆண்டாக உப்புநீரில் ஊறிக் கிடக்கிறது. அது மீனவர் வலையில் ஏறினால் இன்னும் வெடிக்குமா? வெடிக்குமென்றால் படகில் இருப்பவர்கள் என்ன செய்யவேண்டும்? இதுதான் கேள்வி.

வெடிக்கும். இத்தனை ஆண்டில் கடல் தின்றது வெளி உலோகத்தை. உள்ளே அடைத்த வெடிமருந்து பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. சில வகை மருந்துகள் புதிதாக இருந்தபோது இருந்ததைவிட இப்போது எளிதில் வெடிக்கும் நிலைக்கு வந்துவிட்டன. கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பாவின் வட கடலையும் பால்டிக் கடலையும் வைத்துத்தான். அங்கே இது செய்தித்தாளில் எப்போதாவது வரும் அதிசயம் இல்லை, தொழிலோடு ஒட்டிய ஆபத்து. ஒழுங்கான நடைமுறைகளும் அங்கேதான் எழுதப்பட்டன.

முதலில், இவ்வளவு வெடிபொருள் எப்படிக் கடலுக்கு வந்தது? மூன்று வழி. ஒன்று, போரில் வேண்டுமென்றே விதைத்த கடற்கண்ணிகள். 1918-ல் மட்டும் ஸ்காட்லாந்துப் பக்கத்துத் தீவுகளுக்கும் நார்வேக்கும் இடையே அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து ஏறத்தாழ 70,000 கண்ணிகள் வைத்தன. இரண்டாவது, விமானங்கள் உதிர்த்தவை. ஜெர்மனிக்குப் போய் இலக்கு கிடைக்காமல் திரும்பிய விமானங்கள், குண்டோடு தரையிறங்குவது ஆபத்து என்று கடல்மேல் கொட்டிவிட்டு வந்தன. மூன்றாவதுதான் பெரிய கணக்கு: போர் முடிந்தபின் மிஞ்சியதைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய்க் கொட்டியது. ஜெர்மனியின் கடற்பகுதியில் மட்டும் 16 லட்சம் டன் கிடப்பதாக மதிப்பீடு. அதில் 13 லட்சம் டன் வட கடல் பக்கம், மீதி பால்டிக். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே உள்ள போஃபோர்ட் பள்ளத்தில் 10 லட்சம் டன்னுக்கு மேல். பெல்ஜியத்தின் க்னொக்கே ஹைஸ்ட் கரைக்கு எதிரே, கரையிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரத்தில், பார்டன்மார்க்ட் என்ற மணல்திட்டில் முதல் உலகப்போரின் ஜெர்மன் எறிகுண்டுகள் 35,000 டன் அளவுக்குப் புதைந்து கிடக்கின்றன. அங்கே மீன்பிடிக்கவும் நங்கூரம் போடவும் தடை.

கடல் வரைபடத்தில் இந்த இடங்கள் கட்டம் கட்டிக் குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கட்டத்தை நம்பி அதற்கு வெளியே நிம்மதியாக இழுக்கலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. கொட்டப் போன கப்பல்காரர்களில் பலர் குறித்த இடம் வரை போகவில்லை. கெட்ட வானிலை, எரிபொருள், சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரம் என்று வழியெங்கும் தள்ளிக்கொண்டே போனார்கள். மரப்பெட்டியோடு போட்டவை உடனே மூழ்காமல் மிதந்துபோய் வேறெங்கோ இறங்கின. அதற்குமேல் இழுவை வலைக்காரர்களே எழுபது ஆண்டாக அவற்றை இடம் மாற்றியிருக்கிறார்கள். ஒருவர் வலையில் ஏறியதை இரண்டு மைல் தள்ளி இறக்கிவிட, அடுத்தவர் வலையில் அது மறுபடி ஏறும். 1995-ல் போஃபோர்ட் பள்ளத்தின் அருகே எரிவாயுக் குழாய் பதித்தபோது, கிளறப்பட்ட பாஸ்பரஸ் தீக்குண்டுகள் 4,000-க்கு மேல் ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து கரைகளில் ஒதுங்கின. பள்ளத்தின் அடியில் 200, 300 மீட்டர் ஆழத்தில் இருக்கவேண்டியவை அவை.

இனி, மருந்து ஏன் சாகவில்லை என்பது. டிஎன்டி என்ற வெடிமருந்து தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு. ஒரு லிட்டர் நீரில் நூறு மில்லிகிராம் அளவுக்குத்தான். கூடு ஓட்டையாகிக் கடல்நீர் புகுந்தாலும் நூற்றுக்கணக்கான கிலோ கட்டி கரைந்து தீர எத்தனையோ தலைமுறை ஆகும். பழைய எறிகுண்டுகளில் பிக்ரிக் அமிலம் இருக்கும். அது ஈரமாக இருக்கும்வரை ஓரளவு அமைதி. ஆனால் ஈயம், செம்பு, இரும்போடு சேர்ந்து பிக்ரேட் என்ற உப்புகளை உண்டாக்கும். அவை உரசலுக்கே வெடிக்கக்கூடியவை. அமடால் என்ற கலவை டிஎன்டியும் அம்மோனியம் நைட்ரேட்டும் சேர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் மலிவுக்காக ஏராளமாக அடைக்கப்பட்டது. போர்க்காலக் குண்டுகளிலிருந்து எடுத்த அமடாலை நார்வே ஆய்வாளர்கள் தட்டிச் சோதித்து 2024-ல் முடிவு வெளியிட்டார்கள்: தாக்கத்துக்கு அது எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வெடிக்கிறது, சில மாதிரிகள் பல மடங்கு. "பழசாகிவிட்டது, நமத்துப் போயிருக்கும்" என்ற பேச்சுக்கு இதற்குமேல் பதில் வேண்டாம்.

வெடியைத் தூண்டும் அமைப்பில் ஒரே ஓர் ஆறுதல் உண்டு. காந்தப்புலத்தாலும் இயந்திர ஓசையாலும் வெடிக்கும் தரைக் கண்ணிகளுக்கு மின்கலம் வேண்டும். அது எப்போதோ செத்துப்போயிற்று. ஆகவே மேலே கப்பல் போனதற்காக அவை இப்போது வெடிக்காது. ஆனால் அதே கண்ணிக்குள் டெட்டனேட்டரும் அதை ஒட்டிய தூண்டு மருந்தும் இன்னும் உயிரோடு இருக்கும். கொம்பு வைத்த பழைய மிதவைக் கண்ணி இன்னும் மோசம். ஈயக் கொம்புக்குள் ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் அமிலக் கரைசல். கொம்பு வளைந்தால் குப்பி உடையும், கரைசல் கீழே உள்ள தகடுகளில் வழியும், அந்தக் கணத்தில்தான் மின்கலமே உருவாகும். தீர்ந்துபோவதற்கு அதில் பழைய மின்கலம் எதுவும் கிடையாது. கண்ணாடியும் ஈயமும் கடலில் நீண்ட காலம் தாங்கும். விமானக் குண்டுகளில் சிலவற்றுக்குக் கழற்ற முயன்றால் வெடிக்கும் ஃபியூஸும் வைத்தார்கள். வெடிக்காத குண்டைச் செயலிழக்கச் செய்ய வருபவரைக் கொல்வதற்கென்றே செய்தது அது. மீன்பிடிப் படகில் ஸ்பேனரும் சுத்தியலும் வைத்துக்கொண்டு இதில் கைவைப்பதைப் பற்றி வேறு சொல்ல வேண்டியதில்லை.

நடந்த விபத்துகளில் மூன்றைப் பார்த்தால் எந்த நேரத்தில் ஆபத்து வருகிறது என்பது தெரியும். 1965 ஜூலையில் அமெரிக்காவின் வட கரோலைனாவுக்கு அப்பால் ஸ்நூப்பி என்ற படகு ஸ்காலப் சிப்பி வாரிக்கொண்டிருந்தது. வலையோடு நீண்ட உருளை ஒன்று வந்தது. அது படகின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வெடித்தது. 12 பேரில் 8 பேர் இறந்தார்கள். 2005 ஏப்ரலில் நெதர்லாந்தின் மார்ட்டன் யாக்கோப் என்ற படகில், வலையில் வந்த இரண்டாம் உலகப்போர்க் குண்டு படகிலேயே வெடித்து 3 மீனவர்கள் மாண்டார்கள். 2020 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்தின் குரோமர் கரைக்கு அப்பால் கால்வாட் ஒய் மோர் என்ற நண்டுப் படகில் நடந்தது வேறு வகை. நண்டுக் கூடுகள் கோத்த கயிற்றை வின்ச் (கயிறு சுற்றும் இயந்திரம்) இழுத்துக்கொண்டிருந்தபோது கடல்தரையிலேயே வெடித்தது. குண்டு மேலே வரவேயில்லை, யாரும் அதைப் பார்க்கவும் இல்லை. 7 பேரும் உயிர் தப்பினார்கள், 5 பேருக்குக் காயம், அவர்களில் ஒருவருக்கு ஒரு கண் போயிற்று.

மூன்றாவது விபத்து நடைமுறை எதனாலும் தடுக்க முடியாத வகை. நீருக்கடியில் வெடிக்கும்போது அதிர்ச்சி அலை நொடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் வந்து அடிப்பலகையை அறையும். பின்னாலேயே வெடிவாயுக் குமிழி விரிந்து படகைத் தூக்கிப்போடும். படகில் நிற்பவர்களின் கால், முதுகெலும்பு, தலைதான் முதலில் முறியும். அப்போது உதவுவது ஏற்கெனவே செய்துவைத்த ஆயத்தம் மட்டுமே: உடுத்தியிருக்கும் லைஃப் ஜாக்கெட், அவிழ்க்கத் தயாரான உயிர்காப்புத் தெப்பம், யார் எதைச் செய்வது என்று பயிற்சி எடுத்த ஆட்கள். அந்தப் படகில் அத்தனை பேரும் பிழைத்ததற்கு அந்த ஆயத்தமும், அருகே இருந்த துணைக்கப்பல் உடனே வந்ததும் காரணங்கள்.

முதல் இரண்டு விபத்துகளும் அப்படி இல்லை. அங்கே முடிவெடுக்க நேரம் இருந்தது.

எந்த வலைக்கு ஆபத்து அதிகம் என்றும் கேட்பதுண்டு. தரையைத் தொடாத வலைக்கு ஏறத்தாழ இல்லை. தரையைக் கிளறும் கனத்த சங்கிலிகளோடு தட்டைமீனும் நாக்குமீனும் பிடிக்கும் டச்சு பீம் டிராலர்கள் மணலில் சில சென்டிமீட்டர் தோண்டிப் போகின்றன. அவற்றில்தான் குண்டுகள் வழக்கமாக ஏறும். தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்துச் சிப்பி எடுக்கும் அமெரிக்க வாரிகள் இன்னும் ஆழமாகப் போவதால், நன்றாகப் புதைந்ததைக்கூடப் பெயர்த்துவிடும். தென் வட கடலின் தரை பெரிய மணல் அலைகளால் ஆனது, அவை நகர்ந்துகொண்டே இருக்கும். பத்து ஆண்டு சுத்தமாக இருந்த இழுவைப் பாதையில் பதினோராம் ஆண்டு ஒரு குண்டு தலைகாட்டுவது அதனால்தான்.

அடையாளம் காண்பது படத்தில் பார்ப்பதுபோல இருக்காது. துரு, கொட்டலசு, கடற்பாசி, சேறு எல்லாம் அப்பி அது ஒரு கட்டையாகவோ பழைய கேஸ் சிலிண்டராகவோ குழாய்த் துண்டாகவோ தெரியும். பார்க்கவேண்டியவை: உருளை வடிவம், ஒரு முனை கூம்பியிருப்பது, பின்னால் இறக்கை அல்லது இறக்கை ஒடிந்த தடம், தூக்குவதற்கான காது, உடம்பில் வட்டமான மூடி, கோளத்தில் கொம்புகள். அளவைவிட அதிகக் கனம். ஜெர்மன் விமானக் கண்ணிகளில் எல்எம்பி என்ற வகைக்கு அலுமினியக் கூடு. சுமார் 3 மீட்டர் நீளம், 66 சென்டிமீட்டர் குறுக்களவு, உள்ளே 700 கிலோ அளவுக்கு மருந்து. அலுமினியம் அரித்துப்போய்க் கூடே இல்லாமல் மருந்துக் கட்டி மட்டும் கிடப்பதும் உண்டு. பால்டிக்கில் கீல் நகரத்துக்கு அருகே அப்படி வெறுமனே கிடக்கும் வெடிமருந்துக் கட்டிகளைப் பார்த்தால் மஞ்சள் கலந்த கல் என்றே தோன்றும். சந்தேகம் வந்தால் குண்டு என்றே வைத்துக்கொள்ளவேண்டும். பிறகு அது கொதிகலன் துண்டு என்று தெரிந்தால் நட்டம் ஒரு மடிவலை.

இப்போது செய்யவேண்டியதற்கு வருவோம். பிரிட்டன் தன் மீனவர்களுக்குத் தரும் அறிவுரையும் மற்ற வட கடல் நாடுகளின் வழிகாட்டிகளும் அடிப்படையில் ஒன்றே. எல்லாம் ஒரு கோட்டைச் சுற்றித்தான்: பொருள் படகின் பக்கப்பலகையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டதா, இல்லையா.

வலை இன்னும் வெளியே இருக்கும்போது பார்த்துவிட்டால், அதைத் தளத்துக்கு ஏற்றவே கூடாது. இங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். வலையின் மடியில், அதாவது மீன் சேரும் பையில், மூன்று டன் மீனும் அதோடு ஒரு உருளையும் தெரிகிறது. மீனைக் கொட்டிவிட்டு உருளையை மட்டும் தள்ளிவிடலாம் என்று மனம் சொல்லும். மடி அவிழ்ந்து மீனோடு குண்டும் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தளத்தில் விழும் அந்த நொடிதான் மொத்த வேலையிலும் மோசமான நொடி. செய்யவேண்டியது: வின்சை நிறுத்து. அலையில் மடி ஆடிப் படகின் பக்கத்தில் மோதாதபடி பார். சர்ரென்று விடாமல், பிரேக்கைப் பிடித்தபடி மெதுவாகத் தரைக்கு இறக்கு. வலையை வெட்டிவிடு. வெட்டிய இடத்தில் கொடி கட்டிய மிதவை போடு. ஜிபிஎஸ் இடத்தை அப்போதே குறித்துக்கொள்.

பிரிட்டிஷ் அறிவுரையில், முடிந்தால் வழக்கமான மீன்பிடி இடத்திலிருந்து விலக்கி இழுத்துப்போய் வெட்டலாம் என்று ஒரு வரி உண்டு. என் கருத்தில் அது கடைசி வழியாக மட்டும் இருக்கவேண்டும். தரையில் கல்லிலும் மணல்மேட்டிலும் குண்டை இடித்து இழுப்பது என்ன செய்யும் என்பதைக் குரோமர் விபத்து காட்டிவிட்டது. இறக்கிய இடத்திலேயே வெட்டி, அடையாளம் வைத்து, துல்லியமாகச் சொல்லிவிட்டால் கடற்படை வந்து பார்த்துக்கொள்ளும்.

மீனைக் கொட்டியபிறகுதான் தெரிந்தது என்றால், இரண்டு வழிகளில் எது என்று படகை நடத்தும் ஸ்கிப்பர்தான் முடிவெடுக்கவேண்டும்: கடலில் இறக்கிவிடுவதா, கட்டிவைத்துக்கொண்டு கரைப்பக்கம் போவதா. எதைச் செய்தாலும் முதல் வேலை கடலோரக் காவலுக்கு ரேடியோவில் சொல்வது. விஎச்எஃப் 16-ஆம் அலைவரிசை. பக்கத்தில் இருக்கும் கப்பல்களுக்கும் இடத்தைச் சொல்லி விலகச் சொல்லவேண்டும். இறக்கிவிடுவதானால், உருட்டித் தள்ளி விழவிடக்கூடாது; வலைத்துண்டில் பொதிந்து கயிற்றில் மெல்ல இறக்கவேண்டும். அலை பெரிதாக இருந்து படகு உருண்டுகொண்டிருந்தால் அந்த முயற்சியே வேண்டாம்.

வைத்துக்கொள்வதானால் நான்கு விஷயம். அசையாதபடி இருபக்கமும் கட்டை கொடுத்துக் கயிற்றால் இறுக்கு. கட்டும்போது மூடிகளின்மேலும் கொம்புகளின்மேலும் கயிறு படக்கூடாது. இயந்திர அறைக்கு மேலேயும் புகைக்குழாய்ப் பக்கமும் வைக்காதே; சூடும் அதிர்வும் இரண்டும் எதிரி. சாக்கோ பழைய வலையோ போட்டு மூடி, கடல்நீரை ஊற்றி ஈரமாகவே வைத்திரு. நான்காவது, ஆட்களை அதிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, இடையில் கட்டுமானம் இருக்கும்படி, லைஃப் ஜாக்கெட்டோடு உட்காரவை.

ஈரமாக வைத்திருப்பது சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை. கூடு அரித்து மருந்து வெளியே தெரியும் குண்டில், காற்றுப் பட்டுக் காய்ந்த மருந்து அதிர்ச்சியைத் தாங்காது. வெயிலில் ஒரு மணிநேரம் காய்ந்த பிக்ரிக் அமிலப் படிவு, நீரில் இருந்த அதே பொருள் கிடையாது. அதே காரணத்தால்தான் துருவைச் சுரண்டிப் பார்ப்பது, எண் தேடித் துடைப்பது, உப்பைத் தட்டி உதிர்ப்பது எல்லாம் கூடாது.

கரை இரண்டு மூன்று மணிநேர ஓட்டத்துக்குள் இருந்தால், பொதுவாகக் கரைப்பக்கம் போவதே பாதுகாப்பு என்கிறது பிரிட்டிஷ் அறிவுரை. ஆனால் துறைமுகத்துக்குள் நுழையக் கூடாது. எந்த நிலையிலும் கூடாது. பாதுகாப்பான தூரத்தில் வெளியே நின்று கடற்படையின் வெடிகுண்டுக் குழுவுக்காகக் காத்திருக்கவேண்டும். துறைமுகத்தில் வெடித்தால் பக்கத்துப் படகுகள், எரிபொருள் தொட்டி, ஐஸ் ஆலை எல்லாம் சேர்ந்து போகும். குண்டை நினைவுப்பொருளாகக் கொண்டுவந்து வீட்டு வாசலில் வைத்த கதைகள் ஐரோப்பாவின் எல்லா மீன்பிடி ஊரிலும் உண்டு.

இதுவரை சொன்னது வெடிக்கும் வகை. நச்சு அடைத்த குண்டு வேறு பாடம். அதில் மேலே சொன்ன சில பழக்கங்கள் போதாது.

டென்மார்க்கின் போர்ன்ஹோல்ம் தீவுக்குக் கிழக்கே, 70 முதல் 100 மீட்டர் ஆழத்தில், ஜெர்மனியிடமிருந்து கைப்பற்றிய இரசாயனக் குண்டுகளில் சுமார் 32,000 டன்னை 1947-ல் சோவியத் தரப்பு கொட்டியது. அதில் பெரும்பகுதி கடுகு வாயு. பெயர்தான் வாயு, உண்மையில் அது எண்ணெய் போன்ற திரவம். 14 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கெட்டியாக்கும் பொருள் சேர்த்த வகையோ, கூடு அழிந்தபிறகும் மேலே ஓடு கட்டிக்கொண்டு, பழுப்பும் மஞ்சளுமாகக் களிமண் கட்டிபோல் தரையில் கிடக்கிறது. வலையில் குண்டாக வராமல் கட்டியாக வருவதுதான் இங்கே வழக்கம். குளிர்ந்த கடலடியில் கல்லாக இருந்தது, வெயில் பட்ட தளத்தில் இளகும். மீன் பொறுக்குபவரின் கையுறையில் ஒட்டும். பூட்ஸில் மிதிபட்டு மாலுமி அறைக்குள் போகும். அறையில் ஹீட்டர் ஓடினால் ஆவியாகிக் கண்ணையும் நுரையீரலையும் பிடிக்கும்.

இதன் கொடுமையே வலி உடனே தெரியாததுதான். தோலில் பட்டபின் 2 மணிநேரம் முதல் ஒரு நாள் வரை கழித்தே சிவப்பும் கொப்புளமும் வரும். ஆனால் சேதம் முதல் சில நிமிடங்களிலேயே நடந்து முடிந்துவிடும். சாதாரண ரப்பர் கையுறையை அது ஊடுருவும். பூண்டு, கடுகு, முள்ளங்கி வாடை அடிக்கும் என்பார்கள். மூக்கு சீக்கிரம் பழகிவிடுவதால் "வாடை போய்விட்டது" என்பதை நம்பக் கூடாது. மாற்று மருந்து கிடையாது. ஆகவே வலி வரும்வரை காத்திருக்காமல், பட்டது என்று சந்தேகம் வந்தவுடன் வேலை தொடங்கவேண்டும். கண்ணில் பட்டிருந்தால் அதுதான் முதலில்: சுத்தமான நீரில் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவு. உடையையும் பூட்ஸையும் தளத்திலேயே களைந்து, உள்ளே கொண்டுபோகாதே. தோலில் ஒட்டியதைத் தேய்க்காதே, தேய்த்தால் பரவும். துணியால் ஒற்றி எடுத்து அல்லது மொட்டைக் கத்தியால் வழித்துவிட்டு, சோப்பும் நிறையத் தண்ணீரும் கொண்டு கழுவு. உதவி செய்பவர் தன் கையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். காற்று ஆட்களிடமிருந்து விலகி வீசும்படி படகைத் திருப்பு, அறைகளின் காற்றுவழிகளை மூடு, ஹீட்டரை அணை.

பிடித்த மீன்? போயிற்று. கட்டி பட்ட மீனைக் கழுவி விற்க முடியாது. 2010 ஜூனில் அமெரிக்காவின் லாங் தீவுக்குத் தெற்கே ஈஎஸ்எஸ் பர்சூட் என்ற சிப்பிப் படகின் வாரியில் பழைய எறிகுண்டுகள் வந்தன. மாலுமிகள் அவற்றைக் கடலில் திருப்பிப் போட்டார்கள். அதில் ஒன்றிலிருந்து கசிந்தது கடுகு வாயு. ஒருவருக்குக் கை காலில் கொப்புளம் வந்து மருத்துவமனைக்குப் போனார். படகைத் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்தித் தூய்மைப்படுத்தினார்கள். 200 டன்னுக்கு மேற்பட்ட சிப்பி முழுவதும் அழிக்கப்பட்டது. இத்தாலியில் பாரி, மோல்ஃபெட்டா பக்கத்து மீனவர்களுக்கும் இந்தக் கொப்புளம் பழக்கமானது. 1943 டிசம்பர் 2 இரவு பாரி துறைமுகத்தில் குண்டுவீச்சில் மூழ்கிய ஜான் ஹார்வி என்ற கப்பலில் கடுகு வாயுக் குண்டுகள் இருந்தன. போருக்குப்பின் அங்கே கொட்டப்பட்டவை வேறு.

வெள்ளைப் பாஸ்பரஸ் பற்றிச் சுருக்கமாக. தண்ணீரில் இருக்கும்வரை எரியாது. எடுத்துக் காய்ந்தால் தானே பற்றிக்கொள்ளும், வெப்பம் 1,300 டிகிரிவரை போகும். நீரூற்றினால் அணையும், காய்ந்தால் மறுபடி பற்றும். ஜெர்மனியின் உசேடோம் தீவுக் கரையில் இது அம்பர் கல் போலவே ஒதுங்குவதால், அம்பர் பொறுக்கப் போகிறவர்களுக்கு அங்கே சொல்லும் அறிவுரை: எடுத்ததைச் சட்டைப்பையில் போடாதே, தகர டப்பாவில் போடு. தோலில் பட்டால் அந்த இடத்தை ஈரத்துணியால் மூடி, ஈரம் காயாமல் மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும்.

இத்தனை தெரிந்தும் மீனவர்கள் ஏன் சத்தமில்லாமல் கடலில் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த இழுப்புக்குப் போகிறார்கள்? அறியாமை காரணமில்லை. ரேடியோவில் சொன்னால் அந்த நாள் தொழில் போயிற்று. வலை வெட்டினால் அந்தப் பணம் கைவிட்டது. மீன் மாசுபட்டது என்றால் அந்தப் பயணமே வீண். சொல்லாமல் விட்டால் எதுவும் போகாது, அடுத்தவர் வலையில் ஏறும்வரை. டென்மார்க் இதை முன்பே புரிந்துகொண்டது. போர்ன்ஹோல்ம் பகுதியில் நச்சுப் பொருள் வலையில் ஏறியதாக அறிவித்தால், அழிக்கப்படும் மீனுக்கு அரசு இழப்பீடு தரும். அந்தப் பகுதியில் இழுக்கும் படகில் வாயுக் காயத்துக்கான முதலுதவிப் பெட்டி கட்டாயம். பால்டிக்கில் எங்கே எத்தனை ஏறியது என்ற பதிவு பெரும்பாலும் டேனிஷ் மீனவர்களிடமிருந்தே வந்ததற்குக் காரணம் இந்த இழப்பீடு. மற்ற நாட்டுக்காரர் வலையில் ஏறவில்லை என்று அர்த்தமில்லை. அறிவுரைப் புத்தகம் எத்தனை அச்சடித்தாலும், வெட்டிய வலைக்கு யார் பணம் தருவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத கடலில் அறிவிப்பு வராது.

வட கிழக்கு அட்லாண்டிக் நாடுகள் கடற்சூழலைக் காக்கச் செய்துகொண்ட ஆஸ்பார் உடன்படிக்கையின்கீழ் 2003 முதல், வலையில் ஏறுபவற்றையும் கரை ஒதுங்குபவற்றையும் ஒரே முறையில் பதிவு செய்கின்றன. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2005 விபத்துக்குப்பின் தங்கள் கண்ணிவாரிக் கப்பல்களை இதற்கென்றே சேர்ந்து அனுப்பின. மீனவர் தந்த இடத்துக்குப் போய், சோனாரில் தேடி, ரோபோவையோ முக்குளிப்பவரையோ இறக்கி, சிறிய வெடி வைத்து அங்கேயே வெடிக்கச் செய்வதுதான் வழக்கமான முடிவு. இதற்கும் விலை உண்டு. 2019 ஆகஸ்டில் பால்டிக்கின் ஃபேமர்ன் நீரிணையில் 42 பிரிட்டிஷ் கண்ணிகளை இப்படி வெடித்தபின், அந்தப் பக்கம் கரை ஒதுங்கிய ஹார்பர் போர்பாய்ஸ் என்ற சிறு திமிங்கில இனத்தின் உடல்களில் சிலவற்றில் வெடியதிர்ச்சிக் காயம் கண்டார்கள். ஜெர்மனி 10 கோடி யூரோ ஒதுக்கி, லூபெக் வளைகுடாவில் வெடிக்காமல் எடுத்து அழிக்கும் முறையை 2024-ல் சோதிக்கத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் 16 லட்சம் டன்னோடு ஒப்பிட்டால் தொடக்கம் மட்டுமே.

நம் கரையோரத்தில் இந்த அளவுக்குக் குவியல் கிடையாது. ஆனாலும் விமானங்களும் கப்பல்களும் பயிற்சியில் போடும் புகைக் குறியீட்டுக் குழாய்கள் எங்கும் மிதந்து வரலாம். பார்க்க அலுமினியக் குழாயாக, காலியானது போலிருக்கும். சிலவற்றுக்குள் கால்சியம் பாஸ்பைடு இருக்கும். அது ஈரம் பட்டால் தானே எரியும் நச்சுவாயுவை விடும். காயலான் கடை எடைக்கு ஆகும் என்று வெட்டுவதோ சுத்தியலால் தட்டுவதோ கூடாது. இந்தியக் கடலில் இருந்து அழைக்க இந்தியக் கடலோரக் காவல் படையின் எண் 1554, கடலோரக் காவல் நிலையங்களுக்கு 1093. செல்போன் எட்டாத தூரத்தில் விஎச்எஃப் 16.

அழைக்கும்போது கேட்கும் விவரங்களை முன்பே கையில் வைத்துக்கொண்டால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும்: படகின் பெயரும் பதிவெண்ணும், அட்சரேகை தீர்க்கரேகை, ஆழம் எத்தனை பாகம் அல்லது மீட்டர், பொருள் தளத்திலா வலையிலா தரையில் இறக்கியாயிற்றா, நீளமும் குறுக்களவும் கையால் தொடாமல் கண்ணளவில், இறக்கையோ கொம்போ உண்டா, கசிவு, வாடை உண்டா, படகில் எத்தனை பேர், யாருக்காவது கண்ணெரிச்சலோ தோலெரிச்சலோ உண்டா. தள்ளி நின்று ஒரு படம் எடுத்தாலும் போதும், பக்கத்தில் அளவுக்காக மனிதரை நிறுத்தாமல்.